ஒடியல் மாவும் ஆச்சிமார் கைப்பக்குவமும்

கற்பகதரு என எம்மவர் போற்றும் பனை தரும் உணவுகளுள் ஒடியல் முதன்மையானது. 1990களில் பொருளாதாரத் தடையினாற் கோதுமை மா அரிதாகியபோது யாழ்ப்பாணத்துப் பல அடுப்படிகளுக்குக் கைகொடுத்தவற்றுள் இதுவும் ஒன்று.

பாத்தியில் விளைந்த பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இவ்வேறுபாட்டை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் அவசியம். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒடியல் மாவை அவ்வாறு உண்ணலாகாது. பச்சை மாவை எலிகளுக்கு ஊட்டி நடத்திய ஆய்வுகளில் அதன் நச்சுத்தன்மை புலனாகியுள்ளது. எங்கள் ஆச்சிமார் ஆய்வுகூடம் கண்டவரல்லர். ஆயினும் மாவை நிறைய நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு, கசப்பு அகலும்வரை இவ்வாறே செய்து, துணியிலிட்டுப் பிழிந்த பின்னரே அடுப்பில் ஏற்றினர். நாமோ நேரமில்லை என்று ஒரு தரம் கழுவி விடுகின்றோம். அது போதாது.

பிழிந்த மாவுடன் தேங்காய்ப்பூ, முருங்கையிலை, உப்புச் சேர்த்து உதிர்த்து, நீத்துப்பெட்டியில் நன்றாக அவித்தாற் பிட்டு. கூழ் என்றதும் நண்டும் மீனும் நினைவில் எழுவது இயல்புதான்! விரத நாட்களிற் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அவித்து, பழப்புளி விட்டு, மாவைக் கடைசியிற் கரைத்து ஊற்றுங்கள். ஊற்றியவுடன் இறக்காமல் மேலும் நன்கு கொதிக்கவிடுங்கள்.