பொதுச்சுவர் வீட்டில் மாடி எடுக்கும் முன்

மதுரையில் ஒட்டியொட்டி நிற்கும் வீடுகளின் மொட்டை மாடியில் ஓர் அறை போட நினைத்தால், கொத்தனாருக்கு முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். 10 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு எழுப்பும் 9 அங்குலச் செங்கல் சுவர் ஒன்றே ஏறத்தாழ 4 டன் கனம். அது கீழ்ச்சுவருக்கு நேர் மேலே உட்கார வேண்டும். தளத்தின் நடுவே ஏற்றக் கூடாது.

மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் ஒட்டுத் தளமா? கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கலாம். அதன்மேல் பாரம் வேண்டவே வேண்டாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே அஸ்திவாரத்தையும் ஓரிடத்தில் தோண்டிப் பார்ப்பது அவசியம்.

பொதுச்சுவரில் கை வைக்குமுன் அடுத்த வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், அண்ணன் தம்பி வீடானாலும் சரி.

மாடி அறைக்கும் மாநகராட்சியின் கட்டட அனுமதி வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. மாசி வீதிக்காரர்கள் வரைபடம் போடும்போதே உயரத்தை அளந்துவிடுங்கள்.