மலைக்கு ஏற்ற பழைய வேன்

கேள்வி: குடும்பத்தோடு மலையில் தங்கிவரப் பழைய சிறிய கேரவன் வேன் வாங்கலாமா?
– வாசகர், மடவார் வளாகம்

பதில்: தாராளமாக வாங்கலாம். உள்ளே இருக்கும் மெத்தையில் மயங்காமல், முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சேஸிஸ் துருப்பிடித்துப் பொரிந்திருந்தால் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், அது 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. அவ்வளவு பழைய டயர் என்றால், பட்டன் தேயாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். குடும்பத்தை ஏற்றி மேட்டில் நிறுத்தி எடுங்கள். கிளட்ச் எப்படியென்று தெரிந்துவிடும். மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் வாருங்கள். படுக்கை, அடுப்பு வைத்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டியென்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி உள்ளே தங்கக் கூடாது. கொடைக்கானல் போவதானால் இ-பாஸ் எடுத்து, அனுமதியுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்குங்கள்.