ஒன்றரை வயது மகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு ஒன்றரை வயது. இரு காதும் கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் பொருந்துமா?

பதில்: பெரா என்ற செவித்திறன் பரிசோதனையில் இரு காதிலும் மிகக் கடுமையான குறைபாடு என்று வந்தால், முதலில் காது மெஷினைச் சில மாதம் விடாமல் மாட்டிப் பாருங்கள். அதிலும் பேச்சொலி எட்டாவிட்டால் அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் இம்ப்ளான்ட் வைக்கலாம். மூளைக்காய்ச்சலால் வந்த குறை என்றால் காத்திருக்கவே வேண்டாம். உட்செவி எலும்பாக இறுகிவிடலாம். எம்.ஆர்.ஐ.யில் செவி நரம்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தமிழகத்தில் 6 வயதுக்குட்பட்டோருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவும். ஆனால் 3 வயதைத் தாண்டவிடாதீர்கள்.

எனக்குக் கவலை அறுவைக்கு அப்புறம்தான். அறுவை முடிந்து சில வாரம் கழித்தே கருவியை இயக்குவார்கள். உடனே பேச்சு வராது. வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். வீட்டிலும் அவளோடு ஓயாமல் பேச வேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.