காற்றை உந்தும் காந்தம்

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். இடப்புற இறக்கையின் வெப்பக்காப்பில் இருந்த உடைப்பின் வழியே சுடுகாற்று உட்புகுந்ததே காரணம். சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலம் வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் காப்புப் பொருள்களைச் சோதிக்க, அத்தகைய ஹைப்பர்சானிக் காற்றோட்டத்தைத் தரையிலேயே உண்டாக்குவது எங்ஙனம்?

காற்றுச் சுரங்கத்தில் மாதிரி அசையாது நிற்கும். காற்றே அதன்மீது பாயும். வழக்கமான முறையில், உயர் அழுத்தத்தில் சூடாக்கிய காற்றைக் குறுகிய கழுத்துடைய நாசில் வழியே விரிவடையச் செய்வர். வெப்பம் வேகமாக மாறும். இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. 220 கெல்வின் வெப்பநிலையுள்ள காற்று, ஒலியைப் போல் 15 மடங்கு வேகத்தில் பாய வேண்டுமாயின், முதலில் அதனை 46 மடங்கு, அதாவது சுமார் 10,000 கெல்வினுக்குச் சூடாக்க வேண்டும் என எளிய கணக்குக் காட்டுகிறது. மூலக்கூறுகள் பிளவுறுவதால் உண்மையில் இது குறையும். ஆயினும் டங்ஸ்டன் உருகும் 3,700 கெல்வினைத் தாண்டிவிடும். எனில், கழுத்து உருகாதோ?

ஆற்றல் முழுவதையும் வெப்பமாகக் கழுத்தின் வழியே அனுப்புவானேன்? கழுத்தைக் கடந்த காற்றைப் பின்னர் உந்தலாமே! இதுவே பிளாஸ்மா முடுக்கியின் தத்துவம். மின்வில்லால் சூடான காற்றில் எளிதில் அயனியாகும் பொட்டாசியம் அல்லது சீசியத்தைச் சிறிதளவு தூவினால், அது மின்கடத்தும் பிளாஸ்மா ஆகிறது. குழாயின் எதிரெதிர்ச் சுவர்களிலுள்ள மின்வாய்களால் அதன் குறுக்கே மின்னோட்டமும், அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலமும் செலுத்துவர். பிளெமிங்கின் இடக்கை விதியை நினைவுகூர்வோம்: சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் விசை. மோட்டாரில் கம்பியைத் தள்ளும் அதே விசை இங்கே காற்றையே முன்னோக்கித் தள்ளுகிறது. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 1960களில் இத்தகைய முடுக்கிகளைச் செய்து சோதித்தது.

குறைகளும் உண்டு. ஹால் விளைவால் மின்னோட்டம் குழாயின் நீளவாக்கில் விலகும். ஆகவே மின்வாய்களைச் சிறு துண்டுகளாக்கி, இடையில் மின்காப்பு வைப்பர். மின்னாற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். தூவிய பொட்டாசியமோ வானத்துக் காற்றில் இல்லாதது. சோதனையின் தூய்மையை அது கெடுக்கும்.

இதே கருவியைத் தலைகீழாக இயக்கினால், பாயும் பிளாஸ்மாவிலிருந்து மின்சாரம் பெறலாம். அதற்கான சோதனை நிலையம் நம் திருச்சிராப்பள்ளியிலேயே 1980களில் அமைந்தது.

தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஒரு விதி, விண்வெளி வீரரின் உயிர் காக்கும் சோதனைக்கும் அடிப்படையாகிறது. இதனை எண்ணிப் பயின்றால் இயற்பியல் சுமையாகாது, சுவையாகும்.