இணைய இணைப்பின் இடையறவும் அதனை ஆராயும் முறையும்

விளக்கும் குடிநீரும் போல இணையமும் இந்நாளில் இல்லங்கட்கு இன்றியமையாத பொருளாயிற்று. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட காலத்தில், அது பெருநகரத்தார் சிலர்க்கே எட்டும் பொருளாக இருந்தது. அவ்வாண்டிலேதான் பெரம்பலூர் திருச்சிராப்பள்ளியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூரினின்றும் அரியலூர் 2007இல் மீண்டும் தனியே பிரிந்தது. ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழையைக் கொண்டு செல்லும் நோக்கத்துடன் நடுவணரசு 2011இல் வேறொரு பெயரால் தொடங்கிய திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ச் சிற்றூர்களிலும், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கும் அரியலூர்ப் பக்கத்து ஊர்களிலும், கூடத்துச் சுவரில் ரௌட்டர்ப் பெட்டி மாட்டிய வீடுகள் பலவாம்.

இணைப்பு முற்றிலும் அற்றுப்போயின் அதனை அறிதல் எளிது. வந்து பார்ப்பவரும் குறையைக் கண்ணாரக் காண்பர். வருவதும் போவதுமாய் இடையிடையே அறுவதே அரியது. பழுது பார்ப்பவர் வரும்பொழுது அது செவ்வனே இயங்கும். அவர் தெருமுனை கடந்ததும் மீண்டும் அறும். இதனால் விளையும் இழப்புச் சிறிதன்று. உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதிநாள் மாலையில் ஒரு நிமிடம் இணைப்பு அறினும் நிரப்பிய படிவம் முழுதும் பாழாம். ஆதலின் பலர், காரணம் இன்னதென்று தெளியாமலே, கடன்பட்டேனும் புதுப்பெட்டி வாங்கிவிடுகின்றனர். குறை பெட்டியில் இல்லையாயின் அப்பணமும் வீண், துன்பமும் நீங்காது.

நோய் இன்னதெனத் தேர்ந்து, அதன் முதலை ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டுமென்று வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவர்க்கு உரைத்த நெறி ஈண்டும் பொருந்துவதாம். இணைய இணைப்பை ஆறு கண்ணிகளையுடைய சங்கிலியாகக் கொள்வோம்: மின்சாரம், கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழை, ரௌட்டர்ப் பெட்டி, பெட்டிக்கும் கைப்பேசிக்கும் இடையேயுள்ள வைஃபை அலை, கைப்பேசி அல்லது கணினி, இவற்றிற்கு அப்பாலுள்ள நிறுவனத்தின் வலையமைப்பு என்பன அவை. அறுந்த கண்ணி யாதென அறிவதே நம் பணி.

முதற்கண் செய்யத்தக்கது, ஒரு குறிப்பேடு வைத்தல். ஏழு நாட்களுக்கு, இணைப்பு அற்ற நேரம், மீண்ட நேரம், அப்பொழுது பெட்டியில் எரிந்த விளக்குகள், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அற்றதா ஒன்றற்கு மட்டுமா என்னும் இந்நான்கையும் குறித்து வருக. இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவேன்.

அரியலூரையடுத்த ஒரு சிற்றூரில் என் அத்தையார் இல்லத்தில் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் இணைப்பு இரண்டு மூன்று நிமிடம் அற்றுப் பின் தானே மீண்டு வந்தது. அவர்தம் மகள் அரசுப் பணித் தேர்வுக்கு இணையவழியே பயில்பவள். மாலை வகுப்பின் தொடக்கம் அவளுக்குப் பல நாள் கிட்டாது போயிற்று. அவள் எழுதி வைத்த ஏட்டைப் பார்த்தபொழுது, இணைப்பு அற்ற நேரமும் கிணற்று மோட்டாரை இயக்கிய நேரமும் ஒன்றாயிருக்கக் கண்டோம். அவ்வேளையில் பெட்டியின் விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்து, பின் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. மோட்டார் தொடங்கும் கணத்தில் அது இயல்பினும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் வீட்டு மின்னழுத்தம் நொடிப்பொழுது சரியும். பெட்டியின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட்டு வரை தாங்குமாறு செய்யப்பெறுவதாயினும், அதனுள்ளிருக்கும் மின்தேக்கி வெப்பத்தாலும் முதுமையாலும் வலி குன்றியபின் அச்சரிவைத் தாங்காது. சில நூறு ரூபாயில் அடாப்டரை மாற்றிய அளவில் குறை நீங்கிற்று. புதிய அடாப்டர் வாங்குவோர், பழையதன்மேற் பொறித்துள்ள வோல்ட்டு அளவே புதியதிலும் இருத்தல் வேண்டும் என்பதையும், ஆம்பியர் அளவு குறைதலாகாது என்பதையும் மறவாதிருப்பாராக.

விளக்குகள் அணையாமல், எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு மட்டும் செந்நிறமாக மின்னுமாயின், ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பது பொருள். அணில் கடித்த இழை, ஆணியிற் சுற்றிக் கூர்மையாக மடக்கிய இழை, தூசு படிந்த இணைப்பான், பாரமேற்றிய லாரியில் மாட்டி இழுபட்ட தாழ்ந்த கம்பி ஆகியன இதற்குக் காரணமாகலாம். வீட்டினுள்ளே இழை மடங்கியுள்ளதா என்று பார்த்து நேராக்குவது ஒன்றே நாம் செய்யத்தக்கது. இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் நோக்குதல் கூடாது. அதன்வழி வருவது கண்ணுக்குப் புலனாகாத லேசர் ஒளியாதலின் கண்ணுக்குத் தீங்கு நேரலாம். பழுது பார்க்க வருபவரை ஒளியின் வலிமையை அளந்து சொல்லுமாறு கேட்க. அவ்வளவு பெரும்பாலும் கழித்தல் 8க்கும் கழித்தல் 27க்கும் இடைப்பட்ட டெசிபெல் மில்லிவாட்டாக இருத்தல் வேண்டும். கழித்தல் எண் மூன்று மிகுந்தால் ஒளி பாதியாகக் குறைந்ததென்க. கழித்தல் 27ஐ ஒட்டி நிற்கும் இணைப்பு ஒரு நாள் இயங்கும், மறுநாள் அறும்.

விளக்குகள் யாவும் முறையாக எரியவும் இணைப்பு அறுமாயின், ஒரு மடிக்கணினியை லேன் கம்பியாற் பெட்டியோடு நேரே பிணைத்துப் பார்க்க. கம்பிவழி அறாது வைஃபைவழி மட்டும் அறுமாயின் குற்றம் அலையினுடையது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டிற் பதின்மூன்று தடங்கள் உள. அவற்றுள் 1, 6, 11 என்னும் மூன்றே ஒன்றன்மேல் ஒன்று படியாதவையாகக் கொள்ளப்பெறுவன. அண்டை வீட்டாரும் அதே தடத்தில் இருப்பின் தடத்தை மாற்றுக. மைக்ரோவேவ் அடுப்பும் இவ்வலைவரிசையிலேயே இயங்குவதால் இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆயினும் சுவர்களைக் கடக்கும் ஆற்றல் குறைந்தது. பெட்டியை இரும்புப் பீரோவின் பின்னும் தொலைக்காட்சியின் பின்னும் மறைத்து வையாது, வீட்டின் நடுவே உயர்ந்த இடத்தில் வைத்தல் நலம். இன்வெர்ட்டரின் மேல் வைப்பின் வெப்பத்தாற் பெட்டி தளரும்.

ஒரு கைப்பேசிக்கு மட்டும் இணைப்பு அற்றுப் பிறவற்றிற்கு அறாதாயின் குற்றம் அக்கைப்பேசியினது. அதில் வைஃபையின் பெயரை மறக்கச்செய்து மீண்டும் இணைத்துப் பார்க்க.

கம்பிவழியும் அறுமாயின் பிங் என்னும் சிறு கட்டளை உதவும். 1983இல் மைக் மியூஸ் என்னும் அமெரிக்கர் ஆக்கிய இக்கருவி, ஒரு முகவரிக்குச் செய்தி விடுத்து மறுமொழி வருகின்றதா என்று காட்டும். இணைப்பு அற்ற வேளையில் பெட்டியின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) 8.8.8.8 என்னும் வெளி முகவரிக்கும் பிங் செய்க. பெட்டியே மறுமொழி தாராதாயின் குறை வீட்டினுள்ளது. பெட்டி மறுமொழி தந்து வெளி முகவரி தாராதாயின் குறை பெரும்பாலும் பெட்டிக்கு அப்பாலுள்ளது. வெளி முகவரியும் மறுமொழி தர, தளங்களின் பெயர் மட்டும் திறவாதாயின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பணியில் குறை. அதனை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியை மறுபடி இயக்குதல் வேறு, ஊசியால் அழுத்தும் சிறு துளையிலுள்ள ரீசெட் பொத்தானை அழுத்துதல் வேறு. பின்னது பெட்டியிற் பதித்த அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். நிறுவனத்தார் வந்து மீண்டும் அமைக்கும்வரை இணைப்பே இராது.

இரவு எட்டு முதல் பத்து மணிவரை மட்டும் விரைவு குன்றுமாயின் அது நெரிசலாகலாம். ஓர் இழையின் ஒளியை முப்பத்திரண்டு அல்லது அறுபத்துநான்கு வீடுகட்குப் பகிர்தல் வழக்கம். அதற்குப் பரிகாரம் முறையீடே. முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்க. தீர்வு கிட்டாவிடின், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரை அணுகலாம். "அடிக்கடி போகிறது" என்னும் பொதுச்சொல்லினும், நாளும் மணியும் விளக்கின் நிறமும் குறித்த ஏடு வன்மையுடையது. அதனை எளிதில் மறுத்தல் இயலாது.

முடிவாக ஒன்று. ஒரே வேளையில் பலவற்றை மாற்றாதீர். ஒன்றை மாற்றி, இரண்டு நாள் பொறுத்துப் பயன் கண்ட பின்னரே பிறிதொன்றை மாற்றுக. இன்றேல் எது குணப்படுத்தியது என்பது விளங்காது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! தம்பி தங்கையர்க்கும் அண்டை அயலார்க்கும் இம்முறையைக் கற்பிப்பீராயின், வீண் செலவு ஒன்றேனும் தடைப்படும். விண்ணப்பம் ஒன்றேனும் உரிய நாளிற் சென்று சேரும். கற்ற கல்விக்கு அது தக்க பயனாம்.