உழைச்செல்வான்

நுழையும்முன்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு கூறுகளைக் காட்டுகிறார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவரே உழைச்செல்வான். இன்று அப்பணியைச் செய்பவர் செவிலியர்.

பாடம்

போபால் நகர மருத்துவமனை ஒன்றில் முதியவர் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். காலில் ஏற்பட்ட புண் சீழ்பிடித்து, காய்ச்சலும் கண்டிருந்தது. மகன் வீட்டில் சில நாள் தங்கத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர் அவர். தமிழன்றி வேறு மொழி அறியார். மகன் வெளியே சென்றிருந்தமையால், ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தி துணையிருந்தாள்.

செவிலியர் ஊசிமருந்துடன் வந்தார். முதியவரைக் காலையிலேயே அறிந்திருந்தும் மீண்டும் பெயரைக் கேட்டார். கைப்பட்டையில் எழுதியிருந்த பெயருடன் ஒப்பிட்டார். பின்னர், “இதற்குமுன் எந்த மருந்தாவது இவருக்கு ஒவ்வாமல் போனதுண்டா?” என்று இந்தியில் வினவினார்.

“இல்லை” என்றாள் சிறுமி.

“நீயாகச் சொல்லாதே, மகளே. தாத்தாவைக் கேட்டுச் சொல்.”

சிறுமி கேட்டாள். முதியவர் சிரித்தார். “அது பழைய கதை, அம்மா. ஊரில் ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். உடம்பெங்கும் தடித்து, மூச்சு முட்டிவிட்டது. அதையெல்லாம் இவர்களிடம் சொல்லாதே. அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

சிறுமி தயங்கினாள். தாத்தா வேண்டாம் என்கிறார். செவிலியரோ காத்து நிற்கிறார். ஒரு கணம் கழித்து அனைத்தையும் சொன்னாள். ‘தடிப்பு’ என்பதற்கு இந்திச் சொல் தெரியவில்லை. கையைத் தேய்த்துக் காட்டி, தொண்டையையும் தொட்டுக் காட்டினாள்.

‘பென்சிலின்’ என்ற சொல்லைக் கேட்டதுமே செவிலியர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். அவர் கொண்டுவந்த மருந்தும் அவ்வகையைச் சேர்ந்ததே. மருத்துவருக்குச் செய்தி சென்றது, மருந்து மாற்றப்பட்டது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவ்வொவ்வாமை சிவப்பு மையால் எழுதப்பட்டது.

1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும், ஒவ்வாதவர்க்கு அதுவே உயிருக்கு ஊறாகலாம். எனவேதான் மருந்து கொடுக்குமுன் செவிலியர் ஐந்தைச் சரிபார்க்கின்றனர்: ஆள், மருந்து, அளவு, நேரம், செலுத்தும் வழி. நோயாளி எவ்வளவு பழகியவராயினும் இம்முறை மாறுவதில்லை. தவறு நேர்ந்தால் மறைக்காமல் உடனே தெரிவிப்பதும் அவர்தம் கடமையே.

முதலில் கிடைத்த ‘இல்லை’ என்னும் விடையோடு அச்செவிலியர் நின்றிருக்கலாம். கேட்டாயிற்று என்று எழுதியும் வைத்திருக்கலாம். ஆனால், கேள்வி உரியவரைச் சென்றடைந்ததா என்று பார்த்தார். அன்பு இனிமையாகப் பேசச் செய்யும். கடமையுணர்வு இரண்டாம் முறையும் கேட்கச் செய்யும். நோயாளிக்கு இரண்டும் வேண்டும்.

தாத்தாவின் சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைத்த அச்சிறுமியும் அன்று ஓர் உழைச்செல்வானே.

சொற்பொருள்

உழை – பக்கம்
ஒவ்வாமை – உடலுக்கு ஒத்துக்கொள்ளாமை
ஊறு – தீங்கு

பயிற்சி

1. பெயரை அறிந்திருந்தும் செவிலியர் மீண்டும் கேட்டது ஏன்?
2. சிறுமி தயங்கியதற்குக் காரணம் யாது? அவள் தாத்தாவின் சொல்லை மீறியது சரியா? உம் கருத்தை எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா எனக் கேட்டறிந்து, தமிழிலும் நீவிர் வாழும் ஊரின் மொழியிலும் எழுதி வைக்க.