பம்புசெட்டின் மின்பலகையைப் புதுப்பித்தல்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. இங்கிருந்து ராஜபாளையம் வரையிலும் மலையை ஒட்டி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. இத்தோப்புகளுக்கு உயிரளிப்பவை கிணறுகளே. முற்காலத்தில் கமலை கட்டி மாடுகளைக் கொண்டு நீர் இறைத்தனர். 1932-இல் பைக்காராவிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. 1957 ஜூலை முதல் நாள் மாநில மின்சார வாரியம் ஏற்பட்டது. அதன் பின்னர் கமலை மறைந்து, கிணற்று மேட்டில் மோட்டார் அறை எழுந்தது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் கட்டணமின்றியே கிடைத்து வருகிறது.

மின்சாரம் இலவசமெனினும் மோட்டார் எரிந்துபோனால் வரும் செலவு விவசாயியையே சாரும். காயில் கட்டும் கூலி ஒரு புறம். அது கட்டி வரும் வரையில் நீரின்றி வாடும் கன்றுகள் மறு புறம். அநேக இடங்களில் ஒரே மோட்டாருக்கு இரண்டு, மூன்று தடவை காயில் கட்டியும் அது மீண்டும் எரிவதைக் காண்கிறோம். குறை பெரும்பாலும் மோட்டாரில் இல்லை; சுவரில் மாட்டியிருக்கும் பழைய மின்பலகையில் இருக்கிறது. எரிந்த மோட்டாரைப் புதுப்பித்து, எரியச் செய்த பலகையிலேயே மீண்டும் இணைப்பது, ஓட்டைப் பானையை மாற்றாமல் தண்ணீரை மட்டும் மாற்றி ஊற்றுவதை ஒக்கும். ஆகவே பழைய மின்பலகையைக் கழற்றிப் புதியது அமைக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

பலகையின் மூன்று காவல்கள்

மோட்டார் வண்டிக்கும் விசைப்படகுக்கும் ஓட்டுநர் முன்னால் ஒரு பலகை இருப்பதுபோல், பம்புசெட்டுக்கும் சுவர்ப்பலகை உண்டு. இயந்திரத்தின் நிலையை நமக்கு அறிவிப்பதும், நம் கட்டளையை இயந்திரத்துக்கு அறிவிப்பதும் அதன் வேலை. இவற்றுடன் மூன்று காவல்களும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

முதற்காவல் ஃபியூஸ். இது காப்பது மோட்டாரை அன்று, கம்பியை. கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பெருமின்சாரம் பாயும்போது ஃபியூஸ் உருகித் தொடர்பைத் துண்டிக்கும்.

இரண்டாம் காவல் ஸ்டார்ட்டரினுள் உள்ள ஓவர்லோடு ரிலே. மோட்டாரைக் காப்பது இதுவே.

மூன்றாம் காவல் எர்த்தும், கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. என்னும் சாதனமும். இவை காப்பது மனிதனை.

இம்மூன்றின் வேறுபாட்டை அறியாததால் நேரும் நஷ்டத்துக்கு ஓர் உதாரணம் கூறுவோம். 5 குதிரைசக்தி மும்முனை மோட்டார் முழுப்பளுவில் சுமார் 7½ ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். புறப்படும் கணத்தில் இதைப்போல் ஆறு மடங்கு வரை எடுக்கும். அதனைத் தாங்கும் பொருட்டு 15 முதல் 20 ஆம்பியர் ஃபியூஸ் போடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கையில் மும்முனைகளில் ஒன்று நின்றுவிட்டால் எஞ்சிய இரண்டில் மின்சாரம் ஏறத்தாழ 1.73 மடங்காகி, 13 ஆம்பியர் வரையில் செல்லும். வெப்பம் மின்சாரத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுமாதலால் அக்காயில்களில் மும்மடங்கு சூடு உண்டாகும். 20 ஆம்பியர் ஃபியூஸோ 13 ஆம்பியரைக் கண்டு அசையாது. மோட்டார் உறுமிக்கொண்டே நின்று எரிந்துபோகும். சரியாக அமைக்கப்பட்ட ரிலேயும், முனை குறைவதைக் கண்டு நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் இருந்தால் மட்டுமே மோட்டார் தப்பும்.

ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் திருகை உயர்த்தி வைப்பதும், ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக்கம்பியைச் சுற்றி வைப்பதும், காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமமாகும்.

மாற்ற வேண்டிய காலம் எது?

பின்வரும் அடையாளங்களுள் ஒன்று காணப்பட்டாலும் பலகையைச் சோதிக்க வேண்டும். ஃபியூஸ் கேரியரும் திருகுகளும் கருகியிருத்தல்; கம்பியின் மேலுறை வளைத்தவுடன் வெடித்து உதிர்தல்; செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுதல்; ஸ்டார்ட்டர் ஓயாமல் இரைதல்; மரப்பலகையில் கரையான் அரித்திருத்தல்; பெட்டியைத் தொடும்போது விரலில் சுறுசுறுவென உணர்தல். கடைசியாகக் கூறியது காணப்பட்டால் அக்கணமே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மலையடிவார மோட்டார் அறைகளில் பல்லியும் எறும்பும் குளவிக்கூடும் ஸ்டார்ட்டருக்குள் புகுந்து முனைகளை ஒன்றுசேரச் செய்வது சர்வ சாதாரணம். எலி கம்பியின் உறையைக் கடித்துவிடும்.

வேலைக்கு உகந்த காலம் ஆவணி, புரட்டாசி. ஐப்பசி மழையின் ஈரமும் இடியும் வருமுன் பலகை புதிதாகி இருப்பது நலம்.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

மின்வேலையை, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற மின் கம்பியாளைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஆயினும் விவசாயி முறையை அறிந்திருந்தால்தான் வேலை ஒழுங்காக நடந்ததா என்று கேட்டுப் பார்க்க இயலும்.

முதலாவதாக, பழைய பலகையில் எந்தக் கம்பி எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நன்று. பின்னர் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் எண்ணிட்ட சீட்டு ஒன்றைக் கட்டுக. இந்த அரை மணி நேர வேலை பின்னர் அரை நாள் திகைப்பைத் தவிர்க்கும்.

இரண்டாவதாக, மெயினை நிறுத்தி ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றி, வேலை செய்பவரே அவற்றைத் தம் வசம் வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் உள்ள இடத்தில் இது மிக அவசியம். மெயினுக்கு முன்னால் உள்ள பகுதி மின்வாரியத்தைச் சேர்ந்தது. அங்கு மின்சாரத்தை நிறுத்த வாரிய ஊழியரையே அழைக்க வேண்டும். மீட்டர் இருப்பின் அதன் முத்திரையைத் தொடுதல் கூடாது. எல்லாம் நிறுத்திய பின்னரும் டெஸ்டரால் ஒவ்வொரு முனையையும் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். கண்டென்சர் இணைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் நின்ற பின்னும் அது சிறிது நேரம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். சில நிமிடங்கள் பொறுத்து, அது முற்றிலும் இறங்கியதை உறுதி செய்துகொள்க.

புதிய பலகையை அமைத்தல்

மரப்பலகையைத் தவிர்த்து, மூடியுள்ள இரும்புத் தகட்டுப் பெட்டியை உபயோகித்தல் நலம். மழைநீர் வழியாத சுவரில், கதவுக்கு அருகே, நின்றவாறே கைக்கு எட்டும் மார்பு உயரத்தில் அதனைப் பொருத்துக. கிணற்றுப் பக்கம் சாய்ந்து எட்டித் தொட வேண்டிய இடத்தில் ஒருபோதும் வைக்கலாகாது. கம்பிகள் பெட்டிக்குள் கீழ்ப்புறத் துளைகள் வழியாகவே நுழையட்டும். எஞ்சிய இடைவெளியை அடைத்துவிட்டால் பல்லி புகாது.

உறுப்புகளின் வரிசை வருமாறு: மெயின் சுவிட்ச், ஃபியூஸ், ஈ.எல்.சி.பி., ஸ்டார்ட்டர், அதனுடன் ரிலே, இறுதியில் மோட்டார். மும்முனைகளும் வருகின்றனவா என்று காட்ட மூன்று சிறு விளக்குகளும், ஒரு வோல்ட் மீட்டரும், ஓர் அம்மீட்டரும் பலகையின் முகப்பில் இருக்க வேண்டும்.

அம்மீட்டரை அலங்காரமாகக் கருதுவோர் உண்டு. உண்மையில் கிணற்றின் நிலையையே அது தெரிவிக்கிறது. வழக்கமாக 7 ஆம்பியர் காட்டும் முள் திடீரெனக் குறைந்து நின்றால், நீர் வற்றிப் பம்பு காற்றை இழுக்கிறது என்று பொருள். முள் ஏறி நின்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது வோல்ட் குறைந்திருக்கலாம். முனைகளுக்கிடையே 415 வோல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் மிகக் குறைந்திருந்தால் மோட்டாரை ஓட்டாமல் இருப்பதே இலாபம்.

5 குதிரைசக்தி மோட்டாருக்குப் பலகையிலிருந்து அண்மையில் உள்ள தூரத்துக்கு 2½ சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி போதும். ஆழ்துளைக் கிணற்றுக்கு நீண்ட தூரம் கம்பி செல்லுமானால் அடுத்த பருமனை நாட வேண்டும். மும்முனைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம்; நியூட்ரலுக்குக் கறுப்பு; எர்த்துக்குப் பச்சை என்னும் நிறமுறையை மாற்றுதல் கூடாது. பின்னாளில் பெட்டியைத் திறப்பவர் உயிர் இந்நிறங்களை நம்பியே உள்ளது. நடுவழியில் முறுக்கி ஒட்டுப் போடாமல் ஒரே நீளக் கம்பியை இடுக. முனைகளுக்கு லக்ஸ் பொருத்தித் திருகை இறுக்குக. அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேரும் இடம் அரித்துப்போகும். அங்கு இரு உலோகங்களுக்கும் ஏற்ற தனி லக்ஸைப் பயன்படுத்துக. தளர்ந்த திருகே பலகை கருகுவதற்குப் பெருங்காரணம்.

எர்த்: மறந்துபோன காவல்

முன்பு கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய், நாம் அறியாமலே மோட்டாருக்கு எர்த்தாகவும் பயன்பட்டு வந்தது. அக்குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போட்ட அன்றே அந்தப் பாதுகாப்பும் போயிற்று. இதை உணர்ந்தவர் சிலரே. பி.வி.சி. குழாய் போட்டவர்கள் எர்த்தைப் புதிதாக அமைப்பதில் தாமதம் செய்யலாகாது.

2½ மீட்டர் நீளமும் 38 மில்லிமீட்டர் உட்குறுக்களவும் உள்ள ஜி.ஐ. குழாயை நிலத்தில் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட வேண்டும். மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த்துக் கம்பிகள் இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். பெட்டியையும் எர்த்துடன் இணைக்க வேண்டும். மலையடிவாரத்தின் பாறை கலந்த மண் கோடையில் வறண்டு மின்சாரத்தை ஏற்காமற் போகும். ஆதலால் நீர் தேங்கும் வாய்க்கால் ஓரத்தில் எர்த்தை அமைத்து, கோடையில் வாரம் ஒரு முறை குழிக்குத் தண்ணீர் ஊற்றி வருக. ஆட்களைக் காக்க வேண்டிய ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிப்பதாக இருக்க வேண்டும். அது அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றி எறியாமல், கசிவு எங்கே என்று தேடுவதே அறிவுடைமை.

சோதித்து ஓட்டுதல்

மின்சாரம் கொடுக்குமுன் 500 வோல்ட் மெக்கரால் மோட்டாரின் காயிலுக்கும் உடலுக்கும் இடையே உள்ள தடையை அளக்க வேண்டும். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் காயிலில் ஈரம் அல்லது பழுது உண்டு. பின்னர் மோட்டாரை ஒரு கணம் ஓட்டிச் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். திசை மாறியிருந்தால் மும்முனைக் கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றுக. தலைகீழாகச் சுழலும் பம்பு இரைச்சல் இடும். நீர் சொற்பமே தரும்.

நீர் வந்த பின் மூன்று முனைகளிலும் ஆம்பியர் ஏறத்தாழச் சமமாக உள்ளதா என்று காண்க. ரிலேயை மோட்டாரின் பெயர்த் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியருக்கே வைக்க வேண்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயிலுடன் தொடராக அமைந்திருப்பின் அதில் 0.58 பங்கே வைக்க வேண்டும். ஒரு வாரம் ஓடிய பின் திருகுகளை மீண்டும் ஒரு முறை இறுக்குக. புதுத் திருகு சூடேறித் தளர்வது இயல்பு.

வேலிக்கு மின்சாரம் வேண்டாம்

புதுப் பலகை அமைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செண்பகத்தோப்பை ஒட்டிய காடு 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாயிற்று; 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்துள்ளது. யானையும் காட்டுப்பன்றியும் தோப்புக்குள் இறங்குவதால் விவசாயிகள் அடையும் இழப்பு சிறிதன்று. ஆயினும் மோட்டார் பலகையிலிருந்து வேலிக்கம்பிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும். அவ்வேலி யானையை மட்டும் கொல்வதில்லை. இருட்டில் நீர் பாய்ச்ச வரும் அண்டை வீட்டாரையும், சில வேளை வேலியிட்டவரையே கூடக் கொல்லும். அது சட்டப்படி கடுங்குற்றமுமாகும்.

சூரிய மின்வேலி வேறு தன்மையது. அதன் கருவி வினாடிக்கு ஒரு முறை அளவில், மிகச் சிறு நேரமே நீடிக்கும் துடிப்பை அனுப்புகிறது. அது அதிரச் செய்து விரட்டும். பற்றிப் பிடித்துக் கொல்லாது. அதனை அமைக்க விரும்புவோர் 2023-இல் ஏற்பட்ட மாநில மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாருக்கும் இவை யாவும் பொருந்தும். அது எரிந்தால் ஓர் தோப்பு அன்று, ஊர் முழுவதும் குடத்தை ஏந்தி நிற்கும். ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் தங்கள் மோட்டார் அறைக்குச் சென்று, எர்த்து இருக்கிறதா, ரிலே எந்த ஆம்பியரில் உள்ளது, ஃபியூஸில் இருப்பது ஃபியூஸ் கம்பிதானா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் ஒரு குறிப்பேடு கொடுத்து, நாள்தோறும் வோல்ட்டும் ஆம்பியரும் எழுதிவரச் செய்க. ஆம்பியர் படிப்படியாக ஏறிவருவதை அவ்வேடு முன்கூட்டியே காட்டிவிடும். மோட்டார் எரிந்த பின் தீர்மானம் நிறைவேற்றிக் காயில் கட்டுவதைவிட, ஏட்டைப் பார்த்து உரிய வேளையில் பேரிங்கை மாற்றுவது குறைந்த செலவில் முடியும்.

சான்று பெற்ற கம்பியாள் ஒருவரை அழைத்து, கிராமத்தின் கிணறுகளை ஒரே வாரத்தில் வரிசையாகச் சோதிக்க ஏற்பாடு செய்தால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். ஆவணி மாதக் கூட்டத்திலேயே இதனைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். மழை தொடங்குமுன், குறைந்தபட்சம் எர்த்துக் குழியையேனும் ஒவ்வொருவரும் தோண்டிப் பார்த்துக்கொள்வார்களாக.